மஞ்சள் வண்டியின் சாரதி

பரீக்ஷை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷங்களாகியும் இந்த வியாதி நம்மை விட்டபாடில்லை. அப்படிப்பட்ட நாம், சென்ற ஆண்டு ஒருவரைப் பரீக்ஷைக்குத் தயார் செய்யும் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் கதையை முழுவதும் கேட்டுவிட்டு நகைக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

நாம் வசிப்பது சிட்லபாக்கத்தில். ஏரிக்கரைக்கு அருகிலுள்ள நமது தெருவில் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் மாலை அவர் ஒரு தடித்த புத்தகத்துடன் நமது வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஸார், ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போறேன். ஸ்கூல் பஸ் ஓட்டணும்னு ஆசை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருவாங்க. இந்தப் புஸ்தகத்தில் இருக்கிறதை நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார்.

ஆட்டோ ஓட்டுகிறவருக்குப் பள்ளிக்கூட பஸ்ஸின்மீது ஏன் இத்தனை மோகம் என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முடிச்சூர் சமாசாரம் ஞாபகம் இருக்கா, ஸார்?" என்று மட்டும் சொன்னார்.

ஞாபகம் இல்லாமல் போகுமா? 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ந் தேதி, நமது வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்புப் படித்த சிறுமி, வீடு திரும்பும் வழியில், பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து மாண்டாள். தாம்பரத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் அன்றிரவு அடுப்பு மூட்டியவர்கள் குறைவு. சென்னை ஹைக்கோர்ட்டு அந்தச் செய்தியைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் பயனாக அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடம் திறக்கு முன்னர் வண்டிகளையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் தரைப் பலகை முதல் அவசர வழி வரையில் பரிசோதிக்கிறார்கள் அல்லவா? அந்தப் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

"அன்னிக்கு நான் அந்தப் பக்கம் சவாரி போயிருந்தேன், ஸார். கூட்டத்தைப் பார்த்தேன். இப்போ என் பொண்ணும் மஞ்சள் பஸ்ஸில்தான் போறா" என்றார் நண்பர். மேற்கொண்டு நாம் கேள்வி கேட்கவில்லை. நமது பேரனும் மஞ்சள் வண்டியில்தான் போகிறான்.

மறுநாள் முதல் பாடம் ஆரம்பமாயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் மத்திய விதிகள் 1989-ல் வந்தவை. வாடகைக்கோ பிரயாணிகளுக்கோ ஓட்டும் வண்டிக்கு ஓட்டிக்கு இருபது வயது நிரம்பவேண்டும். இலகுரக வண்டியின் லைசென்ஸை ஓராண்டாவது வைத்திருந்தவர்தான் பெரிய வண்டியைக் கற்கத் தொடங்கலாம். பழகுநர் லைசென்ஸ் பெற்று முப்பது நாட்களாவது கழிந்த பிறகே ஓட்டிக் காட்டும் பரீக்ஷை. டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து மீட்டர் தூரத்திலுள்ள மோட்டாரின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா என்று அதில் எழுதவேண்டும். தெருமுனையில் நின்ற கார் ஒன்றைக் காட்டி நண்பரைப் படிக்கச் சொன்னோம். கடகடவென்று படித்துவிட்டார். பிறகு நம்மைப் படிக்கச் சொன்னார். நமக்கு 'டி.என். 11' என்ற தாம்பரத்து அடையாளம்கூடத் தெரியவில்லை. வாத்தியாருக்கு முதல் நாளே தோல்வி!

சாலைக் குறிகளும் அவருக்கு விரைவில் வந்துவிட்டன. வட்டத்துக்குள் இருப்பது கட்டளை. முக்கோணத்துக்குள் இருப்பது எச்சரிக்கை. சதுரத்துக்குள் இருப்பது தகவல். "வட்டம்னா அப்பா சொல்றது, முக்கோணம்னா பாட்டி சொல்றது, சதுரம்னா பக்கத்து வீட்டுக்காரர் சொல்றது" என்று அவர் வைத்துக்கொண்ட சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எந்தப் புத்தகமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லப்போவதில்லை.

வண்டிக்கு மஞ்சள் வர்ணம் ஏன் என்று அவர் கேட்டபோதுதான் நமது படிப்புக்கு ஒரு வேளை வந்தது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில், பிராங்க் சையர் என்ற பேராசிரியர் கூட்டிய மகாநாட்டில் பள்ளிக்கூட பஸ்களுக்கு ஒரே மாதிரியான இலக்கணம் வகுத்தார்கள். விடியற்காலையின் மங்கிய வெளிச்சத்திலும் மஞ்சளின்மேல் எழுதிய கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும் என்பதால் அந்த வர்ணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொன்னதும் நண்பர், "அப்போ வண்டி மத்தவங்க கண்ணுக்குத் தெரியணும்னு எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே யோசிச்சிருக்காங்க. குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியணுமே, அதுக்கு என்ன பண்ணினாங்க?" என்றார்.

நாம் விழித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம்மைத் தாம் பழகும் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். இன்ஜினை நிறுத்திய பஸ்ஸின் ஓட்டி ஆசனத்தில் நம்மை ஏற்றி உட்காரவைத்தார். ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்புறம் போனார். நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம், குடம் மறைந்துவிட்டது. "எங்கே வைத்தீர்கள்?" என்று கூவினோம். "இதோ, உங்க மூக்குக்கு நேரேதான் ஸார்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. குடம் இருக்கும் இடத்தில் பேரனை நினைத்துப் பார்த்தபோது நமக்கு உடம்பு நடுங்கிற்று. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வண்டி மோதி இறந்தான். அதற்குப் பின்புதான் வண்டியின் முன்னும் பின்னும் காமிராவும், அருகில் எதுவும் இருந்தால் ஒலிக்கும் கருவியும் வேண்டுமென்று தமிழ்நாட்டு விதிகளில் சேர்த்தார்கள்.

அன்று நாம் கற்ற பாடங்கள் இன்னும் பல. பெரிய வண்டியின் பிரேக் காற்றின் பலத்தால் வேலை செய்கிறது; காற்று போதுமான அளவு நிரம்பியதை முள் காட்டும் வரையில் வண்டியை நகர்த்தலாகாது. பஸ் இடப்புறம் திரும்பினால் அதன் வால் வலப்புறம் வீசும். அந்த வீச்சில் சைக்கிள்காரர் அகப்பட்டால் தீர்ந்தது. பரீக்ஷையில் மேட்டில் வண்டியை நிறுத்தி, ஓர் அடிகூடப் பின்வாங்காமல் கிளப்பவேண்டும், வளைவில் திருப்பவேண்டும், பின்னோக்கிச் செலுத்தவேண்டும். இவற்றுக்கெல்லாம் முதலில், வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏறவேண்டும் என்று நண்பர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். "கோவில் பிரதக்ஷிணம் மாதிரி ஸார். சுத்தாமல் உள்ளே போகக் கூடாது."

பரீக்ஷை நாளன்று அவருக்கு இருந்த தைரியத்தில் கால் பங்குகூட நமக்கு இல்லை. மத்தியானம் அவர் வந்து நமக்கு ஒரு பொட்டலம் ஜிலேபி கொடுத்தார். தேறிவிட்டார்!

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தோம்.

ஒரு வாரத்துக்குள் ஒரு பள்ளிக்கூட நிர்வாகி நமக்குத் தெரிந்தவர் மூலமாகச் சொல்லியனுப்பினார். அவருக்கு ஓட்டி அவசரமாகத் தேவை. லைசென்ஸ் இருந்தால் போதும், மறுநாளே வேலையில் சேரலாம் என்றார். நாம் ஓட்டமும் நடையுமாய் நண்பரின் வீட்டுக்குப் போய் இந்த நல்ல சேதியைச் சொன்னோம்.

அவர் மகிழவில்லை. "ஸார், நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?" என்றார்.

என்ன படித்தோம் என்று யோசித்தோம். 1997-ஆம் ஆண்டில் டில்லிப் போக்குவரத்தைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவுகளை அவருக்கு வாசித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவருக்குக் கனரக வண்டி ஓட்டிய அனுபவம் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

"அது சரி ஐயா, ஆனால் அவர்களே கூப்பிடும்போது..." என்று இழுத்தோம். "ஆட்டோ ஓட்டி எத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு! ஜாக்கிரதையான மனிதர் என்பது ஊருக்கே தெரியுமே!" என்றும் சொன்னோம். சொல்லும்போதே நமது குரல் நமக்குப் பிடிக்கவில்லை.

நண்பர் நிதானமாகக் கேட்டார்: "உங்க பேரன் போற பஸ்ஸை, நேத்து லைசென்ஸ் வாங்கினவன் ஓட்டறான்னு தெரிஞ்சா நாளைக்குப் பையனை அனுப்புவீங்களா, ஸார்?"

நமக்கு நா எழவில்லை. விதி என்பது பிறருக்கு என்று நினைப்பது நம் தேசத்தில் மிகப் பழைய வழக்கம். நமது நண்பர் விஷயத்தில் மட்டும் விதி சற்று வளைந்தால் என்ன என்று நாம் எண்ணினோம். முடிச்சூர் பஸ்ஸின் தரையிலே ஓட்டை விழுந்ததும் இப்படி ஒரு எண்ணத்தினால்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

இப்போது நண்பர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வேளச்சேரிச் சாலையிலும் ராஜகீழ்ப்பாக்கத்துச் சந்துகளிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு, திரும்பும்போது வால் எங்கே வீசுகிறது, நிறுத்தும்போது நீர் எப்படி முன்னுக்குத் தள்ளுகிறது என்று தினமும் பாடம் படிக்கிறார். விடியற்காலையில் அவர் லாரியைக் கிளப்புமுன் அதை ஒருமுறை வலம் வருவதை நாம் மாடியிலிருந்து பார்ப்பதுண்டு.

சில நாட்களுக்கு முன்பு, "ஐந்து வருஷம் என்பது நீண்ட காலமல்லவா?" என்று அவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார்.

"ஆமாம் ஸார். நான் மஞ்சள் பஸ்ஸில் உட்காருவதற்குள் என் பொண்ணு காலேஜுக்குப் போயிடுவா. அதனால் என்ன? அப்போ பஸ்ஸிலே வேறே யார் வீட்டுக் குழந்தையாவது இருக்குமே!"

நாம் அவரைப் பரீக்ஷைக்குத் தயார் செய்தோம் என்று இக்கட்டுரையின் தொடக்கத்தில் பெருமையடித்துக்கொண்டோம். நேயர்கள் இப்போது தாராளமாக நகைக்கலாம்.