நாண் கட்டும் கை

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், ஆறடி இரும்புச் சட்டம் ஒன்று மேசைமேல் கிடக்கிறது. இரு முனைகளிலும் முளைகள். அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது. அதில்தான் ஓர் அக்கா வில்லுக்கு நாண் கட்டுகிறார். ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். மகள் வில்வித்தை வகுப்பில் சேர்ந்ததும் நாண் நூலைக் கையில் எடுத்தார்.

68 அங்குல வில்லுக்கு நாண் 65 அங்குலத்தை ஒட்டி வரும். ஒரே நூலை அறுக்காமல் முளைகளைச் சுற்றி ஓட்டுகிறார். நூலின் பருமனையும் வில்லின் விசையையும் பார்த்துப் பதினாறு, பதினெட்டு, இருபது இழை. எல்லாச் சுற்றும் ஒரே இழுப்பில் இருக்கவேண்டும். ஓர் இழை தொய்ந்தால் அதன் பாரம் மற்ற இழைகளின்மேல் ஏறிவிடும்.

"முடிச்சே போட மாட்டீங்களா அக்கா?"

"முடிச்சு விழுந்த எடத்துலதான் சார் நூலு மொதல்ல விட்டுக்கும். முனைய சுத்துக்குள்ளயே பொதச்சிருவேன்."

வில்நுனியில் மாட்டும் காதுகளுக்கும், அம்பும் விரலும் உராயும் நடுப்பகுதிக்கும் தனி நூலால் நெருக்கமாகச் சுற்று போடுகிறார். இதற்கு 'சர்விங்' என்று பெயர். பிறகு மெழுகு தேய்த்து, விரல்சூட்டில் உருகி இழைகளுக்குள் இறங்கும்வரை நீவுகிறார். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முறுக்குதான் நுட்பம். முறுக்கு கூடினால் நாண் குறுகும். நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி கூடும். அது சில மில்லிமீட்டர் பிசகினாலும் அம்பு பழைய இடத்தில் விழாது. ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான்.

அக்கா இரண்டு வகை நூல் வைத்திருக்கிறார். பிள்ளைகளின் மரவில்லுக்கு டேக்ரான். அது சற்று நீண்டு கொடுப்பதால் வில்நுனி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். போட்டி வில்லுக்கு டைனீமா வகை; அவ்வளவாக நீளாது, விசையை அம்புக்கே கொடுக்கும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்துவிட்டால் அந்த விசை வில்லுக்கே திரும்பி அதன் தண்டுகளைப் பிளக்கும். வகுப்பின் முதல் கண்டிப்பே அதுதான்.

முன்பு மரல் நார், நரம்பு, தோல்வார் எல்லாம் நாணாயின. உஸ்மானியத் துருக்கியர் பட்டு நூலைத் திரித்தார்கள். மரலின் உறவுச்செடிதான் இன்று கொரட்டூர் அடுக்ககங்களின் பால்கனித் தொட்டியில் 'ஸ்னேக் பிளான்ட்'டாக நிற்கிறது. போர்க்களத்தில் நாண் அறுந்த வில் வெறும் கழி. வில்லாளியின் உயிர் அந்த நாரின் தரத்தில் இருந்தது. கொல்லிமலை வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஊடுருவியதைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு பேசுகிறது. அந்த நாணைத் திரித்தவர் பாட்டில் இல்லை. எனக்கு அவர்மேல்தான் நினைவு போகிறது.

வில்லுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பெற்றோர், நாணுக்கு நூல்விலை மட்டும் தந்தால் போதாதா என்கிறார்களாம். போதாது. அளந்து, சுற்றி, முறுக்கி, மறுபடி அளக்கும் உழைப்புக்கு உரிய கூலி வேண்டும். வில்வித்தை வகுப்பிலேயே நாண் கட்டவும் சொல்லித்தரவேண்டும். தன் நாணைத் தானே கட்டும் பிள்ளைக்கு அது எப்போது நைகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லும் வருகிறது. அதன் நாணைச் சுமார் 300 பவுண்டு விசையில் இழுத்துப் பிடித்துக் கட்டவேண்டும். இந்தச் சட்டம் தாங்காது. திருகு வைத்த புதுச் சட்டத்துக்குப் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறார் அக்கா.