எலிக்கு உண்டு நாமினி!

மதுரையில் எலிக்கு இரண்டு விதமான வரவேற்பு உண்டு. பிள்ளையார் சந்நிதியில் கும்பிடு. கீழமாசி வீதி மளிகைக் கடையில் பொறி, மசால்வடை சகிதம்! மூன்றாவது ரகம், ஆராய்ச்சிக்கூட எலி. ஏ.ஸி. ரூம், வேளாவேளைக்குச் சாப்பாடு, டாக்டர் செக்கப்... பல மேனேஜர்களுக்கே கிடைக்காத வசதி. ஒரே குறை, ரிட்டையர்மென்ட் மட்டும் கிடையாது.

"அந்த எலிகளால நமக்கு என்ன மாப்ள லாபம்?" என்றான் டீக்கடையில் நண்பன். பேங்க் உத்தியோகம். நானும் பி.காம். ஆகவே அவன் பாஷையிலேயே சொன்னேன்.

குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், விழித்திரையில் வரும் புற்றுநோய் 'ரெட்டினோபிளாஸ்டோமா'. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். கண்மணி வெள்ளையாக மின்னும். ஜனங்கள் வைத்த பெயர், பூனைக்கண்!

பெரும்பாலும் காரணம், ஆர்.பி. என்கிற ஜீன். செல்கள் கன்னாபின்னாவென்று பெருகாமல் பிரேக் போடுவது அதன் வேலை. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று என இரண்டு பிரதிகள். 'ஐதர் ஆர் சர்வைவர்' அக்கவுன்ட் மாதிரி, ஒருவர் போனாலும் மற்றவர் கணக்கை நடத்துவார். இருவருமே போனால்தான் ஆபத்து. இந்தக் கணக்கை 1971-லேயே சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்கர். சில குழந்தைகள் ஒரு பிரதி பழுதான நிலையிலேயே பிறந்துவிடுகின்றன.

எலியிலும் அப்படியே செய்து பார்த்தார்கள். குறிப்பிட்ட ஒரு ஜீனை மட்டும் செயலிழக்க வைக்கும் வித்தை அது. (அதைக் கண்டுபிடித்த கேபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-ல் நோபல் பரிசு.) 1992-ல், ஆர்.பி. ஒரு பிரதி இல்லாத எலிகள் தயார். கண்ணில் கட்டி வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை! மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் வந்தது. கண் ஜம்மென்று இருந்தது.

"அப்ப ஃபெயிலுதானே?"

அதுதான் இல்லை. ஏன் வரவில்லை என்று தோண்டியதில் மாட்டியது பி107. டவுன்பஸ் நம்பர் அல்ல, இன்னொரு ஜீன். எலியின் கண்ணில் ஆர்.பி. படுத்துவிட்டால், பி107 நாமினி மாதிரி வந்து பொறுப்பை ஏற்கிறது. நம் குழந்தைகளுக்கு அந்த நாமினி கைகொடுப்பதில்லை. இரண்டு ஜீனையும் எடுத்த பிறகுதான் எலிக்குக் கண்ணில் கட்டி வந்தது. அப்படிப்பட்ட எலிகளில்தான் பிறகு மருந்துகளைச் சோதித்தார்கள்.

நண்பன் கிளாஸைக் கீழே வைத்தான். அவனுக்கு இரண்டு வயதில் மகள்.

"அந்தப் பூனைக்கண்ணை எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

ஃப்ளாஷ் போட்டு எடுத்த ஃபோட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தால் உடனே காட்ட வேண்டும். செல்ஃபோனை எடுத்தான். பிறந்தநாள், மொட்டை, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அப்பா தோளில்... ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி. மூச்சு வந்தது. டீதான் ஆறிப்போயிருந்தது.

மாறுகண்ணும் சில சமயம் இதற்கு அறிகுறி. அதை 'அதிர்ஷ்டம்' என்று பாட்டி சொன்னாலும் சும்மா இருக்காதீர்கள். 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம்ம ஊரிலேயே இருக்கிறது. சீக்கிரம் போனால் உயிர் பிழைக்கும். பல சமயம் கண்ணும் தப்பும்.

எலிக்கு பி107 இருக்கிறது. நம்ம பிள்ளைக்கு நாமதான் சார் இருக்கோம்!