கூறுவோனின் எண்ணும் கேட்போனின் கடமையும்

செய்தியொன்றைச் சொல்பவன் அதன் அவசரத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றான். தந்திச் சேவகனின் சைக்கிள் மணியைக் கேட்டதும் வீடே கலங்கிய காலம் ஒன்றிருந்தது. அதே வீட்டில் தபாலட்டையை மதிய உணவின் பின்னர் ஆறுதலாக எடுத்து வாசித்தனர். உறையைப் பிரிக்கு முன்னரே, வந்த விதத்தைக் கொண்டு செய்தியின் கனத்தை மக்கள் அளந்தனர். இயந்திரங்கள் மனிதனுக்குச் செய்தி சொல்லத் தொடங்கிய பின்னர் இவ்வழக்கம் அழிந்துவிடவில்லை, எண்களாக உருமாறியிருக்கின்றது.

கணினி வலையமைப்புக்களில் தரவுகளுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவியை ரவுட்டர் என்பர். அது தன்னிடத்தும் தன்னைச் சூழவும் நிகழ்வனவற்றை ஓயாது குறித்து வைக்கின்றது. குறித்தவற்றைத் தொலைவிலுள்ள ஒரு சேவைக் கணினிக்கும் அனுப்புகின்றது. இம்முறைக்குச் சிஸ்லொக் என்று பெயர். 1980களில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் என்பார் தாம் ஆக்கிய அஞ்சல் மென்பொருளுக்குத் துணையாக இதனை அமைத்தார். அஞ்சலுக்கென்று பிறந்த முறை பின்னர் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாயிற்று. நெடுங்காலம் வெறும் வழக்காகவே இருந்த இது 2001இல் ஓர் ஆவணமாக எழுதப்பட்டு, 2009இல் நியமமாக வகுக்கப்பட்டது. வழக்கு முந்தியதும் இலக்கணம் பிந்தியதும் மொழிக்கு மட்டும் உரிய வரலாறு அன்று போலும்.

இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் 0 முதல் 7 வரையான எண்களுள் ஒன்றைத் தாங்கி வருகின்றது. 0 என்பது பேரவசரம். கருவி பயன்படாத நிலை. 1 உடனடி நடவடிக்கையையும், 2 நெருக்கடியையும், 3 வழுவையும், 4 எச்சரிக்கையையும் குறிக்கும். 5 கவனிக்கத்தக்க அறிவிப்பு. 6 வெறுந்தகவல். 7 வழு தேடுவோர்க்கான நுண்விவரம். எண் குறையக் குறையத் தீவிரம் கூடும் என்பது இதன்கண் நினைவிற் கொள்ளவேண்டிய முதல் விதியாகும். புதியவர் பலர் தடுமாறும் இடமும் இதுவே. ரவுட்டரிடம் 3 என்ற எல்லையைக் கூறினால் அது 0, 1, 2, 3 ஆகிய நான்கையும் அனுப்பும். 4 முதல் 7 வரையுள்ளவற்றை அனுப்பாது. மூன்றுக்கு மேற்பட்டன யாவும் வரும் என்று எண்ணியிருப்பவன், வராதவற்றை நிகழாதவை என்றே நம்பிவிடுவான்.

இந்நம்பிக்கையின் விளைவு யாது என்பதைப் பொரளையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் காட்டும். வெள்ளவத்தையிலிருந்து 154ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, பௌத்தாலோக மாவத்தை வழியாகக் கனத்தை மயானத்தைக் கடந்து பொரளைச் சந்தியில் இறங்கி, அங்குள்ள ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு அறையில் இரவுப் பணி பார்க்கும் இளைஞன் ஒருவன் இருந்தான். அந்நிறுவனத்தின் கிளையொன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது. கிளையிலுள்ளோர் மூன்று நாட்களாக ஒரே முறைப்பாட்டைத் தெரிவித்து வந்தனர். வேலை நடந்துகொண்டிருக்கையில் இணைப்பு ஒரு நிமிடம் அளவில் அற்றுப்போகின்றது. பின்னர் தானே வந்துவிடுகின்றது என்பதே முறைப்பாடு. பொரளையிலிருந்த திரையிலோ அவ்விணைப்பைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. திரையில் அது காணப்படாமையால் குறை கிளையிலுள்ளோரின் கணினிகளில் என்றே அவர்களுக்கு விடை கூறப்பட்டது. முறையிட்டவர்களுட் சிலர் மூன்றாம் நாள் முறையிடுவதையும் விட்டுவிட்டனர்.

அவ்விரவு இளைஞன் சேவைக் கணினியை விட்டு ரவுட்டரினுள்ளேயே நுழைந்து, அதன் சொந்த நினைவகத்திற் பதிந்திருந்த குறிப்புக்களைப் பார்த்தான். ரவுட்டர் ஒன்றிற்கு ஒரு வாய் மட்டும் இருப்பதில்லை என்பது இங்கு அறியத்தக்கது. நேரே பூட்டிய திரைக்கு ஓர் எல்லை, தொலைவிலிருந்து நுழைவோர்க்கு ஓர் எல்லை, நினைவகத்துக்கு ஓர் எல்லை, சேவைக் கணினிக்கு ஓர் எல்லை என ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே எண் குறிக்கலாம். சேவைக் கணினிக்கு யாரோ எப்போதோ 3 என்று குறித்துவிட்டிருந்தனர். நினைவகம் எல்லாவற்றையும் வைத்திருந்தது. அங்கே ஓஎஸ்பிஎவ் என்னும் வழியறி முறையின் செய்தி ஒன்று நாள்தோறும் பலமுறை பதிந்து கிடந்தது. அயல் ரவுட்டரின் குரல் குறித்த நேரத்துள் கேட்கவில்லை, ஆதலின் உறவு அறுந்தது என்பதே அதன் பொருள். அதன் எண் 5.

இதன் காரணத்தை ஆராய்தல் பயனுடையது. அம்முறையில் அயலவர் இருவர் பொதுவாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வர். நாற்பது வினாடி அழைப்பு வராவிடின் மற்றவர் மறைந்தார் எனக் கொள்வர். பொரளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடைப்பட்ட இணைப்பு வாடகைக்குப் பெற்றது. பழுது நடுவழியில் இருந்தது. ரவுட்டரிற் பூட்டிய கம்பியோ அருகிலிருந்த பெட்டியோடு பொருந்தியே நின்றது. ஆகவே கம்பி அறுந்தது என்னும் 3ஆம் எண் செய்தி பிறக்கவே இல்லை. அழைப்பு நின்றது என்னும் 5ஆம் எண் செய்தி மட்டுமே பிறந்து, அனுப்பப்படாமல் உள்ளேயே கிடந்தது.

எல்லையை 3இலிருந்து 6இற்கு மாற்றினான் இளைஞன். மறுநாட் காலை, 3 என்ற எல்லையிலும் வந்துகொண்டிருந்த வேறொரு துன்பம் அவன் கண்ணிற் பட்டது. ஊழியர்கள் வந்து தத்தம் கணினிகளை முடுக்கியதும், ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொன்றாகக் கம்பி உயிர்த்தது என்ற செய்தி திரையை நிறைத்தது. மாலையில் அவற்றை அணைத்தபோது கம்பி அறுந்தது என்று மீண்டும் நிறைத்தது. அச்செய்திகளின் எண் 3. ஓர் ஊழியர் கணினியை அணைத்து வீடு செல்வது வழு எனவும், ஒரு கிளை முழுவதும் உலகினின்று துண்டிக்கப்படுவது வெறும் அறிவிப்பு எனவும் கருவி தரம் பிரித்திருந்தது.

காலைப் பணிக்கு வந்த மூத்த பொறியியலாளரிடம் இளைஞன் இதனைக் கூறினான். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நம்பரை மட்டும் பாராதையும். ஆர் சொல்லுது, என்ன சொல்லுது எண்டதைப் பாரும்." இளைஞன் கேட்டான்: "அப்ப அண்ணை, நம்பர் எதுக்கு?" அவர் கூறிய விடை: "அது செய்தவன்ர நம்பர். எங்கட நம்பரை நாங்கள்தான் போடவேணும்."

அவ்விடை ஆழமானது. ஒரு செய்திக்கு 3 என்றோ 5 என்றோ எண் இட்டவன் கருவிக்கு மென்பொருள் எழுதியவன். அவன் தொலைதேசத்து அறையிலிருந்து, எந்த ஊரில் எந்தக் கம்பியின் முனையில் யார் இருப்பார் என்பதை அறியாது எழுதினான். கம்பி அறுவது கருவியளவில் வழு என்பதும், அயலவரின் வரவும் போக்கும் கருவியளவில் இயல்பு என்பதும் அவன் வரையிற் சரியே. கம்பியின் மறுமுனையில் இருப்பது ஓர் அச்சுப்பொறியா, ஒரு கிளையா, ஒரு வைத்தியசாலையின் குருதி வங்கியா என்பதைக் கருவி அறியாது. அதனை அறிந்தவன் கேட்போன் ஒருவனே.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றைத் தனித்தனி உறுப்புக்களாக வைத்துள்ளது. சிஸ்லொக் செய்தியிலும் கூற்று உண்டு, அனுப்பிய கருவியின் பெயராகிய களன் உண்டு, காலமும் உண்டு. கேட்போர் என்னும் உறுப்பு மட்டும் அதில் இல்லை. யாருக்கு உரைக்கப்படுகின்றது என்பதை அறியாத கூற்றுக்குப் பொருட்கனம் முழுமையாக அமைவதில்லை. இலக்கணத்தில் வழுவும் உண்டு, வழுவமைதியும் உண்டு. கணினி அணைக்கப்படுங்கால் எழும் 3ஆம் எண் செய்தி, காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளத்தக்க வழுவே.

கூறுவோன் இட்ட எண்ணைக் கேட்போர் அவ்வாறே ஏற்கும்போது நேரக்கூடியதன் பேருருவை 2004 டிசம்பர் 26ஆம் திகதி காட்டிற்று. அன்று, அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 6.58 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் பிளந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் ஏறக்குறைய 15 நிமிடத்துள் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அது எச்சரிக்கை அறிக்கை அன்று, தகவல் அறிக்கை. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என முதலில் மதிக்கப்பட்டது. பசிபிக் கரைகளுக்கு அபாயம் இல்லை என்பதே அறிக்கையின் சாரம். நிலையத்தின் பொறுப்புக்குட்பட்ட கடலளவில் அது பொய்யன்று. இந்து சமுத்திரத்துக்கோ அந்நாளில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துள் அலைகள் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தன. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். அந்நிலநடுக்கத்தின் அளவு 9.1 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. ஒரு கடலுக்குத் தகவலாக அமைந்தது மற்றொரு கடலுக்குப் பேரவசரமாக இருந்தது. அதனை அவ்வாறு வாசிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. இலங்கையில் அப்பொறுப்பை ஏற்றுள்ள வளிமண்டலவியல் திணைக்களம், பொரளையை நோக்கிச் செல்லும் அதே பௌத்தாலோக மாவத்தையில்தான் அமைந்துள்ளது.

அவ்வளவு பெரிய துயரையும் ஒரு கிளையின் இணைப்புக் கோளாற்றையும் ஒரே தராசில் இடுதல் தகாது. ஆயினும் இரண்டிலும் செய்தி இருந்தது. செய்தியின்மை இருக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

செய்தி பிறந்தும் வாராமற் போகும் வேறு வழிகளும் உள. சிஸ்லொக் பெரும்பாலும் யூடிபி என்னும் முறையில், 514ஆம் இலக்க வாயிலூடாகச் செல்கின்றது. பெற்றேன் என்று மறுமுனை விடை கூறும் வழக்கம் அதில் இல்லை. இடையிலுள்ள காப்புச் சுவர் அவ்வாயிலை அடைத்திருப்பினும் ரவுட்டர் அறியாது. செல்லும் பாதையே அறுந்துவிட்டால், பாதை அறுந்தது என்ற செய்தியும் அப்பாதையோடு அழிந்துபோம். நினைவகத்தில் எஞ்சுவதும் மின்சாரம் உள்ளவரைதான். 2022இல் நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களில், மின்சாரம் நின்ற கருவிகள் தம் குறிப்புக்களை இழந்தே மீண்டன. மின்கலக் கடிகாரம் இல்லாத சில ரவுட்டர்கள் உயிர்த்தெழும்போது 1993 மார்ச் 1 என்ற திகதியிலிருந்து காலத்தை எண்ணத் தொடங்கும். காலம் பிழைத்த செய்திகளை வரிசைப்படுத்தி எது முந்தியது, எது பிந்தியது என்று அறிதல் அரிது. ஆதலின் எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரு பொது நேரத்தோடு இணைக்கப்படல் இன்றியமையாதது.

மறுபுறம், எல்லாவற்றையும் கேட்பேன் என்று 7ஆம் எண்ணைத் திறந்துவிடுதலும் மருந்தாகாது. வேலைமிக்க ரவுட்டர் ஒன்றில் நுண்விவரங்களை மெதுவான திரைவழியே கொட்டச் செய்தால், பேசுவதிலேயே அதன் ஆற்றல் கழிந்து தன் தொழிலை மறக்கும். ஓயாத கூக்குரல் மௌனத்துக்கு ஒப்பானது. இரண்டிலும் கேட்கவேண்டியது கேட்பதில்லை.

பொரளையில் இறுதியாகச் செய்யப்பட்ட ஒழுங்கு எளியது. 6 வரையான செய்திகள் யாவும் சேவைக் கணினிக்கு அனுப்பப்பட்டுச் சேமிக்கப்பட்டன. ஊழியர் மேசைகளுக்குச் செல்லும் கம்பிகளின் வரவு போக்கு மட்டும் அடக்கப்பட்டது. மணி ஒலிக்கவேண்டியவை எவை என்பது எண்ணைக் கொண்டன்றிச் செய்தியின் பெயரைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. அயலவர் உறவு அறுந்தால் மணி ஒலிக்கும். நள்ளிரவில் யாரேனும் ரவுட்டரின் அமைப்பை மாற்றினாலும் மணி ஒலிக்கும். அதுவும் 5ஆம் எண் செய்தியே. கொட்டாஞ்சேனைக் கிளையின் பழுது, இணைப்பை வழங்கியோரிடம் நாள், நேரத்தோடு ஒப்புவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது.

ஆயின் இவற்றுக்கெல்லாம் முன்னர் வந்த செய்தியொன்று உண்டு. இணைப்பு அற்றுப்போகின்றது என்று மூன்று நாட்களாகச் சொன்ன மனிதர்களின் குரலே அது. அக்குரலுக்கு எண் எதுவும் இருக்கவில்லை. ஆகவே திரையின் மௌனம் அதனினும் உயர்ந்த சான்றாகக் கொள்ளப்பட்டது. கருவிகளின் எண்களைத் திருத்துதல் ஓரிரவு வேலை. சொல்பவன் யார் என்று நோக்கிச் சொல்லின் கனத்தைக் குறைத்து மதிக்கும் பழக்கத்தைத் திருத்துதல் அத்துணை எளிதன்று. எனினும் கேட்போனின் கடமை அங்கேதான் தொடங்குகின்றது.