உண்மைக் கதை எது?

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி இங்கு எழுத முற்படுவது நண்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். கொலையும் கேலியும் கலந்த பொழுதுபோக்குச் சரக்கிற்கும் எமக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியோடுதான் நாமும் அதைப் பார்க்க அமர்ந்தோம்.

சென்ற மாரிகாலத்தில், திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டில், ஆசிரியர் மூவரும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாணவர் அறுவருமாகக் கூடினோம். தமிழில் 2022 இல் வெளியான 'சுழல்' தொடரைப் பார்க்கலாம் என்பது எமது விருப்பமாயிருந்தது. சீமெந்துத் தொழிற்சாலை வேலைநிறுத்தமும் தொழிற்சங்கத் தலைவரும் அதிலே வருகின்றனர் அல்லவா? மாணவர் அதை முன்னரே பார்த்து முடித்திருந்தனர். அவர்கள் 'பார்கோ' என்றார்கள். பருவத்துக்குப் பருவம் கதையும் காலமும் மாந்தரும் மாறும் தொடர் அது. 2014 இல் வெளியான அதன் முதற் பருவத்தின் பத்துப் பகுதிகளை ஐந்து இரவுகளில், இஞ்சித் தேநீரோடும் மழையோடும் பார்த்து முடித்தோம்.

கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மினசோட்டா மாநிலத்தின் பெமிஜி என்னும் சிறு நகரில் லெஸ்ரர் என்றொரு காப்புறுதி முகவர். மனைவி ஏசுவாள், பள்ளிக் காலத்தில் அடித்தவன் இன்றும் அடிக்க வருவான். வைத்தியசாலையில் அவன் தற்செயலாகச் சந்திக்கும் மால்வோ என்னும் அந்நியன், அவ்வெதிரியை அவனுக்காகக் கொன்றுவிடுகின்றான். பின்னர் லெஸ்ரர் தன் மனைவியைச் சுத்தியலால் அடித்துக் கொல்கின்றான். விசாரிக்க வந்த பொலிஸ் தலைவரை மால்வோ சுட்டு வீழ்த்துகின்றான். லெஸ்ரரோ சான்றுப் பொருட்களைத் தன் தம்பியின் வீட்டாரிடம் ஒளித்துவைத்து, அவனைச் சிறைக்கு அனுப்பித் தான் தப்புகின்றான். ஓராண்டின் பின் ஆண்டின் சிறந்த முகவர் என்று பரிசும் பெறுகின்றான். கொலைகாரனுக்கு வர்த்தக உலகம் கைதட்டும் அக்காட்சியில், எழுதியவர் நோவா ஹோலி தம் சமுதாயத்தை நன்கு அறிந்தவர் என்பது புலனாகும்.

வானத்திலிருந்து மீன்கள் மழையாய் விழும் காட்சியும் ஒன்று உண்டு. அதற்கு என்ன பொருள் என்று நாம் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, படகோட்டி ஒருவரின் மகன், "எங்கட அப்பா இதைக் கண்டா முதல்ல வலையை வித்துப்போடுவார்" என்றான். அன்றிரவு நாம் மிகுதியாய்ச் சிரித்தது அதற்குத்தான்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் திரையில் சில வரிகள் தோன்றும். இது கற்பனையன்று, 2006 ஆம் ஆண்டில் மினசோட்டாவில் நிகழ்ந்தது என்றும், பெயர்களில் மட்டுமே கைவைத்ததாகவும், மற்றவற்றை மாற்றாமை மாண்டவர்பாற் கொண்ட மரியாதையால் என்றும் அவை உரைக்கும். முற்றிலும் பொய். கோயன் சகோதரர்கள் 1996 இல் எடுத்த 'பார்கோ' திரைப்படத்தில் தொடங்கிய குறும்பு இது. தொடர் அதை மரபுரிமையாகப் பெற்றுக்கொண்டது. மாணவர் இதை அறிவர். ஆதலால் அவ்வரிகள் வரும்போதெல்லாம் சிரிப்பர்.

எமக்கு இரண்டாம் இரவிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. 2006 என்னும் எண்ணை அவர்கள் பார்த்ததுபோல எம்மாற் பார்க்க இயலவில்லை. அறுவரில் நால்வர் அவ்வாண்டிற் பிறந்தவர்கள்.

அவ்வாண்டு ஜனவரி 2 ஆந் திகதி இரவு, எமது நகரின் கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில், ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். இருபது வயதினர். மாலை நேரத்தில் எல்லோரும் போலக் காற்று வாங்கப் போனவர்கள். கைக்குண்டு ஒன்று வீசப்பட்டது. அதன் பின்னர் சுடப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்து மாண்டனர் என்று முதலிலே சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை துப்பாக்கிக் காயங்களைக் காட்டியது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்களும் அவற்றையே காட்டின. அதே மாதம் 24 ஆந் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. சாட்சிகளிற் பலர் அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறினர். 2013 இல் விசேட அதிரடிப்படையினர் கைதாயினர். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லையென்று 13 பேரையும் விடுவித்தது.

நடவாத ஒன்றை நடந்தது என்று இரண்டு வரி எழுதினால், உலகம் முழுவதும் அதைப் பகுதி பகுதியாகப் பார்க்கிறது. இங்கே நடந்த ஒன்று, உடல்களும் படங்களும் மருத்துவ அறிக்கையும் இருந்தும், பதின்மூன்று ஆண்டுகளின் பின் நிறுவப்படாத கதையாயிற்று.

இந்நிலையிற் பார்த்தமையாற் போலும், அத்தொடரில் எம்மை மிகவும் உறுத்தியவன் மால்வோ அல்லன். விமர்சகர் பலர் அவனையே போற்றுவர். அவனை ஓநாயாகவும் சாத்தானாகவும் காட்டுகின்றனர். ஊரும் பேரும் இன்றி வருகின்றான், காரணமின்றிக் கொல்கின்றான். இது தொடரின் பெருங்குறை என்பது எமது எண்ணம். தீமையைச் சமுதாயத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியொரு பிறவியின் கண்ணில் வைத்துவிட்டால், அவனைச் சுட்டதும் கதை முடிந்துவிடும். நாம் வாழ்ந்த காலத்தின் கொலைகள் அவ்வாறு தனியே நடந்து வந்தவை அல்ல. அவற்றுக்கு வாகனம் இருந்தது, கட்டளை இருந்தது, மறுநாட் காலையில் வெளியிடுவதற்கு விளக்கமும் ஆயத்தமாக இருந்தது.

எம்மை உறுத்தியவர், மாண்டவரின் இடத்துக்கு வரும் பில் என்னும் பொலிஸ் தலைவர். கெட்டவர் அல்லர், கையூட்டு வாங்குபவரும் அல்லர். லெஸ்ரருடன் ஒன்றாகப் படித்தவர். மொலி என்னும் கீழதிகாரி சான்றுகளை அடுக்கி, லெஸ்ரர் பொய் சொல்கின்றான் என்று காட்டக் காட்ட, யாரோ வழிப்போக்கனின் வேலை என்றே சொல்லிக்கொண்டிருப்பார். தம் ஊரில், தாம் அறிந்த மனிதர் நடுவே, அத்தகைய செயல் நிகழ்ந்ததென்பதை அவர் மனம் ஏற்க மறுக்கின்றது. அவர் விழிப்பதைப் பார்த்து மாணவர் சிரித்தனர். நகைச்சுவைக்காகவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது, அதிலே குற்றமில்லை. நாம் சிரிக்காமல் இருந்ததை அவர்கள் கவனித்தார்களோ தெரியவில்லை.

2006 ஜனவரியில் நாமும் இந்நகரில் ஆசிரியராகவே இருந்தோம். வகுப்பு மீண்டும் கூடிய நாளில் இடாப்புக் கூப்பிட்டோம். புணர்ச்சி விதிகளை நடத்தினோம். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சேர், குண்டு வெடிச்சுத்தான் செத்தவை எண்டு சொல்லினம். உண்மையோ?" என்று கேட்டான். "பாடத்தைக் கவனியும்" என்றோம். அவன் இருந்துவிட்டான். அன்று யாரும் எம்மைப் பேசவேண்டாம் என்று தடுக்கவில்லை. அதிபர் அறிவுறுத்தவுமில்லை. எமது வாயை நாமே அறிந்து மூடினோம்.

தொடரில் கஸ் என்று இன்னொரு பொலிஸ்காரர் வருகின்றார். இரவிலே மால்வோவின் வண்டியை மறிப்பார். நீ போகவிட்டால் உன் பிள்ளையை மீண்டும் காண்பாய் என்ற பொருள்பட மால்வோ அமைதியாய்ப் பேசுவான். வானொலிக் கருவியில் மகளின் குரல் கேட்கும். கஸ் வழிவிடுவார். அக்காட்சி முடிந்ததும் மாணவி ஒருத்தி, "இவனெல்லாம் ஒரு பொலிசோ!" என்றாள். பிள்ளை உள்ளவனின் அச்சத்தை அவ்வளவு எளிதாக ஏளனம் செய்தல் ஆகாது என்று எமது நண்பர் சற்றுக் கடுமையாகவே மறுமொழி கூறினார். விவாதம் நீண்டது. எமது தலைமுறை முழுவதும் கஸ்ஸின் பக்கம் நின்று வாதாடியது. அவர்களோ மொலியின் பக்கம் நின்றனர்.

கடைசி இரவில் கதை முடிந்தது. கஸ் மால்வோவைச் சுடுகின்றார். லெஸ்ரர் மெல்லிய பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்குகின்றான். பில் தமக்கு இவ்வேலைக்கான நெஞ்சுரம் இல்லையென்று ஒப்புக்கொண்டு மொலியிடம் பதவியை விட்டுச் செல்கின்றார். யாவும் நேராயின. மடிக்கணினியை மூடுமுன் அதே மாணவி கேட்டாள்: "சேர், எங்கட ஊரில மொலி ஆர்?"

நண்பர் எம்மைப் பார்த்தார். நாம் சுகிர்தராஜனின் பெயரைச் சொன்னோம். அறுவரில் ஒருவருக்கே அப்பெயர் தெரிந்திருந்தது. அதுவும் ஆண்டுதோறும் வரும் நினைவுக் குறிப்பொன்றில் எங்கோ கண்டதாம். தந்தை ஒருவரைப் பற்றியும் சொன்னோம்: மகனை அக்கடற்கரையில் இழந்து, அச்சுறுத்தலால் ஊரைவிட்டுப் போய், அயல்நாடுகளில் வாசல் வாசலாக நீதி கேட்டவர். மொலிக்கு இருந்த அரச சீருடையும் சம்பளமும் இவ்விருவருக்கும் இருக்கவில்லை என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் உள்ளே சென்று பழைய அகராதியொன்றை எடுத்துவந்தார். அதனுள்ளே நான்காய் மடித்த பத்திரிகைத் தாள். மடிப்புகள் கிழிந்து, மஞ்சள் பூத்திருந்தது. அவர் அதை வைத்திருப்பதை நாம் அறிவோம். அவரிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. மாணவர் எவருக்கும் அவர் காட்டியதுமில்லை. மேசையில் விரித்தார். படகோட்டியின் மகன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"இதை ஏன் சேர் இவ்வளவு நாளும் எங்களுக்குக் காட்டேல்லை?"

கஸ்ஸைப் பற்றி முன்னிரவில் சொன்னதையே நாம் மீண்டும் சொல்லத் தொடங்கினோம். அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தாளை இரு கைகளாலும் ஏந்தி விளக்கருகே கொண்டுபோய், படத்தின் கீழிருந்த சிறிய எழுத்துகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.