விசிறி சுழலாத வகுப்பு

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மின்விசிறி சுழலாமற்போய் ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. விசிறியில் பழுதேதும் இல்லை. அதன் காற்று இடக்கன்னத்தில் பட்டால், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கோடிழுத்தாற்போல் ஆசிரியருக்கு வலி ஓடும். காரணத்தை அவர் சொல்லவில்லை, மாணவர்களும் கேட்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே கட்டுரை எழுதினார்கள்.

2022ஆம் ஆண்டில், கெடா மாநிலத் தோட்டப்புறச் சாலையொன்றில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவர் முகங்குப்புற விழுந்தார். முறிந்த கன்ன எலும்பு கூடிவிட்டது, வீக்கமும் வடிந்தது. ஆனால், கண்குழிக்குக் கீழே எலும்பிலுள்ள சிறு துளை வழியாக வெளிவந்து, கீழிமைக்கும் மூக்கின் பக்கத்திற்கும் மேலுதட்டிற்கும் உணர்வூட்டும் நரம்பு நசுங்கியிருந்தது. காயம்பட்ட அந்நரம்பு, மெல்லிய தீண்டலையும் வலியென்றே மூளைக்கு அறிவித்தது. பல் துலக்குவதும் சவரம் செய்துகொள்வதும் தண்டனையாயின. பார்ப்பவர்க்கோ முகம் பழையபடியே இருந்தது. கட்டுப்போட்ட கைக்குக் கிடைக்கும் பரிவு இத்தகைய வலிக்குக் கிடைப்பதில்லை.

பாரசிட்டமால் பயன் தரவில்லை. மருத்துவர் காபாபென்டின் கொடுத்தார். வலிப்பு நோய்க்கென 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. கிளர்ந்தெழும் நரம்புகள் செய்தி அனுப்புவதைத் தணிப்பதால் நரம்புவலிக்கும் உதவுகிறது. இரவில் 300 மில்லிகிராம் என்று தொடங்கி, நாளுக்கு மூன்று வேளையாக உயர்ந்தது. வலி பாதியாயிற்று. விசிறி மீண்டும் சுழன்றது.

பிறகுதான் சொற்கள் தொலையத் தொடங்கின. படியிறங்கும்போது தலை சுற்றியதையும் பகலில் கண் செருகியதையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள், 'சலசல', 'கலகல' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதற்குப் பெயர்..." என்று தொடங்கினார். பெயர் வரவில்லை. இருபது ஆண்டுகளாக நடத்திவந்த பாடம்! முன்வரிசைச் சிறுமி, "இரட்டைக்கிளவி, ஐயா" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள். அவள் குரலில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. அதுவே அவரைச் சுட்டது.

தமிழாசிரியருக்குக் கன்னம் பெரிதா, சொல் பெரிதா? அன்றிரவே தாமாகத் தீர்ப்பெழுதி, மாத்திரையை அறவே நிறுத்தினார். அது பெரும் பிழை. மூன்றாம் நாள் உறக்கம் கெட்டது, உடல் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, வலியும் பழைய வேகத்தோடு திரும்பியது. இம்மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது என்பதை மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். மாணவர்களை வினாத்தாளை இருமுறை படிக்கச் சொல்பவர், அத்தாளை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்தாதலால் அதற்கான இரத்தச் சோதனை செய்தார். வேறென்ன உட்கொள்கிறார் என்று கேட்டார். காலையில் பசியாறியதும், வயிற்றெரிச்சலுக்குக் கடைமருந்து ஒன்றை மாத்திரையோடு சேர்த்தே குடித்துவந்தது அப்போது வெளிப்பட்டது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அத்தகைய மருந்துகள் காபாபென்டின் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்தைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி, ஒரு குறிப்பேடு எழுதிவரச் சொன்னார்.

உட்கொண்ட நேரம் ஒரு பத்தி. பத்துக்கு எத்தனை வலி என்பது மற்றொரு பத்தி. தேடியும் கிடைக்காத சொற்களுக்கென ஆசிரியர் தாமே மூன்றாம் பத்தி ஒன்றைச் சேர்த்தார். மருத்துவர் நெடுநேரம் பார்த்தது அதைத்தான். காலை ஆறரைக்கு மாத்திரை. சொற்கள் தொலைந்ததெல்லாம் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். குருதியில் மருந்து உச்சமடையும் நேரம் அது. காலை அளவு குறைந்தது. பெரும்பங்கு இரவுக்குச் சென்றது.

இலக்கணப் பாடத்தை முதல் வேளைக்கு மாற்றித் தருமாறு தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியிருந்தது. மருந்து விழுங்குவதைவிட அது கடினமாக இருந்தது. மறுநாள் மாணவர்களிடமும் சொன்னார்: விசிறியைப் பற்றி, நரம்பைப் பற்றி, தொலையும் சொற்களைப் பற்றி. இறுதி வரிசைப் பையன் எழுந்துபோய், விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பிவிட்டு வந்தான்.

வலி இப்போது பத்துக்கு மூன்றில் நிற்கிறது. சில நாள் நான்கு. மோட்டார் சைக்கிளை அவர் இன்னும் எடுப்பதில்லை. சக ஆசிரியரின் காரில் வந்துபோகிறார். குறிப்பேட்டின் மூன்றாம் பத்தியில் கடந்த வாரம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதுவும் வகுப்பில் அன்று, சந்தையில் தொலைந்தது: கறிவேப்பிலை.