வழித்துணை

2023-ஆம் ஆண்டு மாசித் திங்களில் வந்த மகாசிவராத்திரிக்கு யான் மோட்டார் சைக்கிளின்மீது தன்னந்தனியனாய்க் காசிக்குச் சென்று மீண்டேன். மீண்ட சில கிழமைகளில் எங்களூர்ச் சைவசபையார் அதன்பொருட்டு ஒரு கூட்டங் கூட்டி எனக்கு மாலை சூட்டினர். அறுபத்துநான்காம் அகவையிலே பிறர் துணை சிறிதும் வேண்டாது 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தவர் என்று சபைத்தலைவர் என்னை எடுத்துரைத்தார். யானும் தலையசைத்து அதனை ஏற்றுக்கொண்டேன். அவ்வுரை மெய்யன்று. அதனை அன்றே அறிந்திருந்தும் வாய்வாளாதிருந்த குற்றம் இந்நாள்வரை என் நெஞ்சைச் சுடுகின்றது. ஆகலின், அன்று சபையிற் சொல்லியிருக்கவேண்டுவதனை ஈண்டு அன்பர்களுக்கு விண்ணப்பித்துக்கொள்ளுகின்றேன்.

யான் இளமையில் ஒரு திருமடத்துப் பாடசாலையில் உண்டுறைந்து, தமிழும் ஓரளவு வடமொழியும் சித்தாந்த சாத்திரமும் பயின்றவன். எமக்குப் பாடஞ் சொல்லிய முதிய தம்பிரான் சுவாமிகள், பண்டையோர் காசி யாத்திரையைக் குறித்து அடிக்கடி எடுத்துச் சொல்லுவார்கள். குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டிலே காசியில் திருமடங் கண்டதனையும், தென்னாட்டடியார் கால்நடையாக அங்குச் சென்றதனையும் அவர்கள் வாயாற் கேட்குந்தோறும் எமக்கு மெய்ம்மயிர் சிலிர்க்கும். “அவர்களுள் தனியே புறப்பட்டார் அரியர், வழித்துணை வாய்த்த பின்னரே புறப்படுவர்” என்று முடிப்பார்கள். கதையை மட்டும் யான் மனத்திற் கொண்டேன், முடிவுரையை மறந்தேன்.

ஆசிரியத்தொழிலினின்றும் ஓய்வு பெற்றபின் அவ்வெண்ணம் மீண்டும் முளைத்தது. என்னிடம் 1994-இல் வாங்கிய புல்லட் வண்டி ஒன்று உண்டு. அவ்வண்டியைச் செய்த நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் தோன்றித் திருவொற்றியூரிலே தன் தொழிற்சாலையை நடத்தி வந்தது. பட்டினத்தடிகள் சமாதி கொண்ட தலத்திற் பிறந்த வண்டி என்று யான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. என் மாணாக்கர் ஒருவர், “ஐயா, அடியேனும் என் வண்டியில் உடன் வருகின்றேன்” என்றார். என் மகளோ, “அப்பா, அவரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்” என்று கண்ணீர் விட்டாள். இருவர் சொல்லையும் யான் கொள்ளவில்லை. தனிமையில் தியானங் கூடும் என்று அவர்களுக்குக் காரணங் கூறினேன். ஒருவனாய்ச் சென்றான் என்னும் பெயரை விரும்பியதே உண்மைக் காரணம். அதனை அப்பொழுது யானே அறிந்திலேன்.

பிப்பிரவரி 10-ஆம் நாள் வைகறையில் மயிலாடுதுறையினின்றும் புறப்பட்டேன். சிவராத்திரி 18-ஆம் நாள் ஆதலின், 17-ஆம் நாள் மாலைக்குள் காசி சேர்தல்வேண்டும் என நாட்களை வரையறுத்துக்கொண்டேன். திருக்கோவலூரிற் பெண்ணையாற்றைக் கடந்து, அண்ணாமலையாரை வணங்கி, அன்று மாலை வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் சேர்ந்தேன். அங்கெழுந்தருளியுள்ள பெருமானுக்கு வழித்துணைநாதர் என்பது திருநாமம். இரவில் அஞ்சி வந்த மிளகு வணிகன் ஒருவனுக்குப் பெருமான் தாமே துணைவராய்ச் சென்று காத்தருளினார் என்பது தலவரலாறு. அச்சந்நிதியில் நெடுநேரம் நின்று தொழுதேன். தொழுது வெளிவந்தவுடனே, தேநீர்க்கடையில் ஒருவர் வினவ, “யான் தனியே காசி செல்கின்றேன்” என்று பெருமிதத்தோடு விடையிறுத்தேன்.

அதுமுதல் அவ்வினா என்னைப் பின்தொடர்ந்தது. பெங்களூரைச் சார்ந்த பகுதிகளிற் கன்னடத்தில் வினவினர். அனந்தபுரத்திலும் கர்நூலிலும் தெலுங்கில் வினவினர். நாகபுரிக்குப் பின் ‘அகேலா?’ என்னும் இந்திச் சொல்லாயிற்று. தனியாகவா என்பதே எங்கும் பொருள். வினவியவர் வியந்து நோக்குந்தோறும் என் உள்ளம் ஒரு விரல் உயர்ந்தது. ‘அகேலா’ என்று விடை சொல்லுதற்கு யான் இந்தி பயிலவேண்டியதில்லை.

வழியின் இயல்பையும் சிறிது கூறுவேன். இந்நாடு எத்துணைப் பெரிதென்பது நிலப்படத்தாற் புலப்படாது, முதுகெலும்பாற் புலப்படும். இருசக்கர வண்டியில் எதிரே வருங் காற்று முழுவதும் மார்பின்மேல் விழுகின்றது. பாரவண்டி ஒன்று கடந்து செல்லும்போது அதன் காற்று முன்னர்த் தள்ளிப் பின்னர் இழுக்கின்றது. வண்டியின் பொறியைக் குளிர்விப்பதும் அக்காற்றே. ஆதலின் நின்று நின்று செல்லுதல் வண்டிக்கும் எனக்கும் வேண்டுவதாயிற்று. பாமிடியில் வடபெண்ணை, கர்நூலில் துங்கபத்திரை, அதன் வடக்கே கிருட்டிணை, நிர்மலுக்குத் தெற்கே கோதாவரி, தெலுங்கானத்தின் எல்லையிற் பெண்கங்கை என ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பட்டன. ஒவ்வோராற்றின் கரையிலும் வண்டியை நிறுத்தி இறங்கி, கைகூப்பி, திருவைந்தெழுத்தை ஓதிய பின்னரே பாலத்தின்மேற் சென்றேன். ஆற்றுக்கு நிற்பதற்கு என்னிடம் எப்பொழுதும் பொழுது இருந்தது என்பதை அன்பர்கள் நினைவில் வைத்தல்வேண்டும்.

15-ஆம் நாள் நாகபுரியினின்றும் சபல்பூருக்குச் சென்றேன். இடையிற் பெஞ்சு என்னும் புலிக்காடு உளது. விலங்குகள் கீழே கடந்து செல்லுமாறு சாலையைப் பல இடங்களில் மேலே தூக்கிக் கட்டியுள்ளனர். வாயில்லா உயிர்களின் வழியை மறியாத அவ்வமைப்பைக் கண்டு உள்ளங் குளிர்ந்தேன். சிவனி என்னும் ஊரைக் கடந்து லக்நாதோனை நோக்கிச் செல்லும்போது நண்பகல். சாலையோரத்தில் இரண்டு இலுப்பை மரங்களின்கீழ், நின்றுபோன சிறு வண்டியொன்றன் பக்கத்தே இளைஞன் ஒருவனும், முதியவள் ஒருத்தியும் இருந்தனர். முதியவள் நிலத்திற் சாய்ந்திருந்தாள். இளைஞன் என்னைக் கண்டு இரு கைகளையும் உயர்த்தினான். யான் வேகத்தைச் சிறிது குறைத்தேன். அவன் முகத்தையும் தெளிவாகக் கண்டேன். பொழுது சாயுமுன் நருமதையை அடைதல்வேண்டும், மொழியும் அறியேன், பின்வருவார் யாரேனும் நிற்பர் என்று மூன்று காரணங்களை என் நெஞ்சம் ஒரு நொடியிற் கூறிற்று. நில்லாது சென்றேன்.

அன்று மாலை சபல்பூரைச் சார்ந்த தில்வாராக் கட்டத்தில் நருமதையில் மூழ்கி, திருநீறணிந்து, அனுட்டானம் முடித்தேன். இரவு நன்றாக உறங்கினேன். இதனை மறைத்தல் ஆகாது. குற்றஞ் செய்தவன் உறக்கமின்றித் துன்புறுவான் என்று மாணாக்கர்க்குப் பலகாற் கூறியிருக்கின்றேன், யான் உறங்கினேன்.

17-ஆம் நாள் ரீவாவினின்றும் புறப்பட்டேன். ஹனுமனா என்னும் ஊர்க்கு அப்பால் விந்தியத்தின் மேட்டுநிலம் முடிந்து, சாலை வளைந்து வளைந்து இறங்கத் தொடங்குகின்றது. அவ்விறக்கத்தில் வண்டியின் பின்சக்கரத்தில் ஆணி தைத்துக் காற்று முழுதும் போயிற்று. அச்சக்கரம் உள்ளே இரப்பர்க் குழாய் கொண்டது. கழற்றி எடுத்தாலன்றிச் செப்பனிடல் இயலாது. யான் அதனைக் கழற்றியறியேன். ஒரு நாழிகைக்கு மேல் நின்றேன். கார்கள் பல கடந்தன. பாரவண்டிகள் பல கடந்தன. கையை உயர்த்தினேன். ஒருவர் வேகத்தைச் சிறிது குறைத்து, என் முகத்தை நோக்கி, நில்லாது சென்றார். அப்பொழுதுதான், இரண்டு நாட்களுக்கு முன் உயர்ந்த இரு கைகள் என் கண்முன் வந்தன. அவரைச் சினத்தற்கு என்னால் இயலவில்லை. அவர் நெஞ்சம் அவருக்குக் கூறிய காரணங்களை யான் அறிவேன்.

பின்னர்ப் பால்விற்பவர் ஒருவர் தம் வண்டியின் இருமருங்கும் பாற்குடங்கள் தொங்க வந்து, தாமே நின்றார். யான் ஒன்றுஞ் சொல்லுமுன் என் கருவிப்பெட்டியைத் திறந்து, சக்கரத்தைக் கழற்றினார். தம் பாற்குடங்களை இறக்கி என் பக்கத்தே வைத்து, பாலையும் என்னையும் சுட்டிக் காட்டினார். பின்பு சக்கரத்தையும் தம்மையும் சுட்டிக் காட்டினார். அவர் பேச்சில் வடமொழியின் சாயலாற் சில சொற்களே எனக்கு விளங்கின. ஆயினும் ஐயத்துக்கு இடமில்லை. என் பொருளை நீர் காத்திரும், உம் பொருளை யான் காத்துக் கொணர்வேன் என்பதே அது. அங்ஙனமே சக்கரத்தைத் தம் வண்டியிற் கட்டிக்கொண்டு இறக்கத்திற் சென்றார். ஒருமணி நேரத்துக்கு மேல் யான் அப்பாற்குடங்களை மரநிழலுக்கு மாற்றி மாற்றிக் காவல் செய்தேன். முப்பது ஆண்டு பாடஞ் சொன்ன தொழிலினும் அக்காவல் எனக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

செப்பனிட்ட சக்கரத்தைக் கொணர்ந்து பூட்டியபின் அவர் பணம் பெற மறுத்தார். கடைக்காரர்க்குக் கொடுத்த கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு, காசியில் விசுவநாதர்க்குத் தம் வணக்கத்தைச் சொல்லுமாறு கைகூப்பிக் காட்டினார். புறப்படும்போது எல்லோரும் வினவியதனை அவரும் வினவினார்: “அகேலா?” பழகிய விடை என் நாவில் எழவில்லை. தலைகுனிந்து நின்றேன்.

மிர்சாபூரிற் கங்கையைக் கடந்து இரவில் காசி சேர்ந்தேன். மறுநாள் கேதாரகட்டத்துக் கோயிலில் நான்கு யாமமும் விழித்திருந்தேன். பால்காரர் வணக்கத்தைச் சொல்லிவிட்டேன். என் விண்ணப்பத்தைத் தொடங்கும்போது இலுப்பை மரத்தடியிற் சாய்ந்திருந்த முதியவளே எதிரில் இருந்தாள். உயிர் தனித்து நிற்பதன்று, சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பதை எத்துணை முறை விரித்துரைத்திருப்பேன்! பிறர் இட்ட சாலையிற் பிறர் செய்த வண்டியை ஊர்ந்து, பிறர் அட்ட சோற்றை உண்டு செல்பவன் தன்னைத் தனியன் என்று கருதுதலே ஆணவத்தின் செயல். துணையைப் பெற்றுக்கொண்டே இருப்பவன் துணையாதற்கு மட்டும் பொழுதில்லை என்றதே அதன் பயன்.

திருநாவுக்கரசு நாயனார் காசிக்கு அப்பால் திருக்கயிலையை நோக்கித் தனியே சென்றாரன்றோ எனின், கூறுவேன். அவர் கால் தேய்ந்தும், கை தேய்ந்தும், மார்பு தேய்ந்தும், தம் செயல் முற்றும் அற்ற நிலையில் இறைவன் முனிவராய் எதிர்வந்து, மடுவில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச் செய்தருளினான். அவர் தனிமை தம்மை இழந்த தனிமை. யான் விரும்பியது என்னைப் பெருக்கிய தனிமை. இரண்டையும் ஒரு சொல்லால் வழங்குதல் தகாது.

மீளும்போது அவ்விலுப்பை மரங்களைக் கண்டு நின்றேன். அங்கு ஒருவருமில்லை. அருகில் வினவுதற்கு ஒரு கடையுமில்லை. அம்முதியவளுக்கு யாது நேர்ந்தது என்பதை இனி யான் அறியப்போவதில்லை. வழியில் நின்றிருந்த வேறு நால்வர்க்காக வண்டியை நிறுத்தினேன். அவருள் இருவர்க்கு என் உதவி வேண்டியிருந்தது. அதனால் முன்னையது கழிந்தது என்று யான் சொல்லமாட்டேன்.

சபையார் அளித்த பாராட்டிதழைச் சுவரினின்றும் இறக்கி வைத்துள்ளேன். அதில் ‘தனியே’ என்னும் ஒரு சொல்லை நீக்கித் தருவார்களாயின் மீண்டும் மாட்டுவேன். இளைஞர் சிலர் தாமும் அங்ஙனம் செல்லவேண்டும் என்று என்னிடம் வழி வினவுகின்றனர். ஊர்களின் பெயரையும் ஆறுகளின் பெயரையும் எழுதிக் கொடுக்கின்றேன். இறுதியில், குறித்த நாளினும் இரண்டு நாள் முன்னரே புறப்படுக என்று எழுதுகின்றேன். அவ்விரண்டு நாளும் எதற்கு என்று அவர்கள் வினவினால், கையுயர்த்துவார்க்காக நிற்பதற்கு என்று சொல்லுகின்றேன்.

சிவம்.