ஜெராய் மலைக்கு அப்பால்

கெடா மாநிலத்தின் தென்பகுதித் தோட்டங்களில் வாழும் நமக்கு ஜெராய் மலை தினமும் கண்ணில் படுவது. அந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? பள்ளி விடுமுறையில் ஒருநாள் சுங்கைப் பட்டாணியில் பஸ் ஏறி வடக்கே போங்கள். குருண் வரை ரப்பரும் செம்பனையும் துணைக்கு வரும். அதைக் கடந்ததும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல்தான்.

அங்கிருந்து அலோர் ஸ்டார் வரை நீளும் வாய்க்காலுக்கு வான் மாட் சமான் கால்வாய் என்று பெயர். அந்நாளைய மந்திரி புசார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டுவித்தது. நீளம் சுமார் 36 கிலோமீட்டர். பிறகு பெடு, மூடா அணைகள் கட்டப்பட்டு, 1970 முதல் இரண்டு போகச் சாகுபடி வந்தது. இன்று மூடா வட்டாரத்தின் வயல் பரப்பு ஒரு லட்சம் ஹெக்டரை நெருங்கும்.

அங்கே வயலோரத்தில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். நான் ஆசிரியர் என்று அறிந்ததும், "சிக்கு, இதைப் பாருங்கள்" என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே நெல் விற்ற ரசீதுகள்! விற்ற நெல்லின் எடைக்கு ஏற்ப அரசாங்கம் விலை மானியம் தருகிறது. அதற்கு அந்த ரசீதுதான் ஆதாரம்.

இந்த மானியத்துக்கு ஒரு கதை உண்டு. 1980 ஜனவரியில் பிக்கலுக்கு 2 வெள்ளி மானியம் அறிவித்தார்கள். ஆனால் ரொக்கமாக அல்ல, கூப்பனாக. கூப்பனை எதிர்த்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் அலோர் ஸ்டாரில் திரண்டார்கள். கூப்பன் போனது, அதே ஆண்டில் மானியம் 10 வெள்ளியாகி, கையில் ரொக்கமாக வந்தது. 1990-ல் டன்னுக்கு 248 வெள்ளி 10 சென் ஆனது. அந்த விகிதமே இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, பிறகு உயர்ந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அந்த விகிதப்படி 4 டன் விற்ற குத்தகைக்காரருக்கு 992 வெள்ளி 40 சென். 40 டன் விற்ற பெரிய நிலக்காரருக்கு 9,924 வெள்ளி. எடையைப் பார்த்துத் தரும் பணம், இருப்பவனிடமே அதிகம் போய்ச் சேருகிறது. குத்தகைக்காரருக்கோ இன்னொரு கவலை: மானியம் ஏறினால் குத்தகையும் ஏறப் பார்க்கும். கதிர் அறுத்துக் கூலி வாங்கியவர்களின் நிலை என்ன? 1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரம் வந்து அவர்கள் வேலையைப் பறித்தது. விற்க நெல் இல்லாதவருக்கு மானியமும் இல்லை.

பால் நிறுக்கும் இடத்தில் தினமும் நிற்கும் நமக்கு இது புதிதல்ல. எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, சீட்டு யார் பெயரில் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் நம் பிழைப்பும் இருக்கிறது. அந்த முதியவர் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். ஒவ்வொரு ரசீதையும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிய பிறகுதான் டின்னில் வைப்பாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கட்டும். சம்பளச் சீட்டை இன்று மாலையே பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.